சித்திலெப்பை விட்டுச்சென்ற வினா

ஈழத்து முஸ்லிம்களின் கல்வி வரலாற்றைப் பேசப் புகுவோர் எவராயினும் முதற்கண் நினைக்க வேண்டிய பெயர் அறிஞர் முகம்மது காசிம் சித்திலெப்பை என்பதாகும். வழக்கறிஞர், இதழாசிரியர், நாவலாசிரியர், பாடநூலாசிரியர், பள்ளி நிறுவுநர் எனப் பல துறைகளிலும் அவர் ஒளிவிட்டார். அவருடைய புகழைப் பாடுவதோடு நின்றுவிடும் கட்டுரைகள் பல உள. நாம் ஈண்டு அவ்வாழ்வை வேறொரு நோக்கில் காண முற்படுகின்றோம். கல்வியியலில் முதுகலை ஆய்வு மேற்கொள்ளும் மாணவர் பலர் சமயச் சார்புடைய பள்ளிகளைத் தம் ஆய்வுக்களமாகத் தேர்ந்து வருகின்றனர். களம் தேர்வது எளிது. வினாவைத் தேர்வதே அரிது. ஒரு சமூகத்தின் பிள்ளைகள் ஏன் பள்ளிக்கு வரவில்லை என்னும் வினாவைத் தம் வாழ்நாள் வினாவாகக் கொண்ட ஒருவரின் வரலாறு, அம்மாணவர்க்கு நல்லதொரு வழிகாட்டியாக அமையும் என்பது நம் துணிபு.

பிறப்பும் பின்புலமும்

சித்திலெப்பை 1838ஆம் ஆண்டு ஜூன் 11ஆம் நாள் கண்டி மாநகரில் பிறந்தார். கண்டி அரசு ஆங்கிலேயர் வசமாகி அப்போது இருபத்து மூன்று ஆண்டுகளே கழிந்திருந்தன. அரசர் காலத்து வழமைகள் மறைந்து, புதிய நீதிமன்றங்களும் புதிய அலுவலகங்களும் தோன்றிக்கொண்டிருந்த காலம் அது. அவற்றின் வாயில்களில் ஆங்கிலமே திறவுகோலாக இருந்தது. சித்திலெப்பையின் தந்தையார் அத்திறவுகோலைக் கைக்கொண்ட மிகச் சிலருள் ஒருவர். சட்டம் பயின்று வழக்கறிஞராகப் பணியாற்றியவர். எனவே மார்க்கக் கல்வியும் உலகியற் கல்வியும் ஒரே கூரையின்கீழ் வாழ இயலும் என்பதை மகன் தம் இல்லத்திலேயே கண்டு வளர்ந்தார்.

அரபும் தமிழும் ஆங்கிலமும் அவருக்குக் கைவந்தன, சிங்களமும் அறிந்திருந்தார். 1862இல் அக்கால வழக்கில் 'புறக்டர்' எனப்பட்ட வழக்கறிஞராகத் தகுதி பெற்றார். கண்டி மாநகர நீதிமன்றில் நீதிபதியாகவும் சில காலம் கடமையாற்றினார். பொருளும் மதிப்பும் ஒருங்கே தரத்தக்க வாழ்க்கை அது. அவ்வாழ்க்கையிலேயே அமைந்திருந்தால் அவரைப் பற்றி இன்று எழுதவேண்டிய தேவை நமக்கு எழுந்திராது. ஆனால் வழக்கறிஞர் தொழில் ஓர் உண்மையை அவர்தம் கண்முன் நிறுத்தியது. தம் உரிமையைத் தாமே எடுத்துரைக்க இயலாமல், வந்த ஓலையையும் உறுதியையும் படித்தறிய இயலாமல் பிறர் வாய் பார்த்து நின்ற மக்களை நாள்தோறும் காணும் தொழில் அது. அம்மக்களுள் தம் சமூகத்தாரும் இருந்தனர்.

காலச் சூழல்

பத்தொன்பதாம் நூற்றாண்டு இலங்கையில் பள்ளி என்றாலே அது பெரும்பாலும் சமயச் சார்புடைய பள்ளியாகவே இருந்தது. 1816இல் யாழ்ப்பாணத்தில் கால்கொண்ட அமெரிக்க மிஷன் 1823இல் வட்டுக்கோட்டையில் உயர்கல்வி நிறுவனத்தைத் தோற்றுவித்தது. பிற மிஷன்களும் ஊர்தோறும் பள்ளிகளை எழுப்பின. 1869இல் அரசு பொதுக்கல்வித் திணைக்களத்தை அமைத்தது. தனியார் நடத்தும் பள்ளிகளுக்கு, உலகியற் பாடங்களில் மாணவர் பெறும் தேர்ச்சியைக் கணக்கிட்டு உதவி நன்கொடை வழங்கும் முறை அதனையொட்டி வலுப்பெற்றது. பள்ளிகளை முன்னமே பெற்றிருந்தவர்கள் மிஷனரிமார். ஆகவே நன்கொடையின் பெரும்பகுதியும் அவர்களையே சென்றடைந்தது.

இதனை முதலில் உணர்ந்து செயற்பட்டவர்களுள் ஆறுமுக நாவலர் தலையாயவர். அவர் 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப் பாடசாலையைத் தொடங்கினார். பௌத்தர்களிடையே 1880இல் இலங்கை வந்த கேணல் ஒல்கொட்டின் முயற்சியால் பௌத்தப் பள்ளிகள் எழுந்தன. பின்னாளில் ஆனந்தாக் கல்லூரியாக வளர்ந்த பள்ளி 1886இல் கொழும்பில் தோன்றியது. ஒவ்வொரு சமயத்தாரும் தத்தம் பிள்ளைகளுக்குத் தத்தம் பள்ளியை நாடிய காலத்தில் முஸ்லிம்கள் மட்டும் அப்பந்தியில் இலை போடாதவர்களாய் இருந்தனர்.

வினா பிறந்த விதம்

முஸ்லிம் பிள்ளைகள் ஏன் பள்ளிக்குச் செல்லவில்லை? இவ்வினாவுக்கு அக்காலத்தில் எளிய விடைகள் ஆயத்தமாக இருந்தன. முஸ்லிம்கள் வணிகர்கள், அவர்களுக்குக் கல்வியில் நாட்டமில்லை என்பது ஒரு விடை. ஆங்கிலம் அந்நியர் மொழி, அதனைக் கற்றால் ஈமான் குன்றும் என்பது மற்றொரு விடை. முன்னது வெளியார் கூற்று. பின்னது உள்ளார் கூற்று. இரண்டும் வினாவை முளையிலேயே கிள்ளிவிடும் தன்மையன.

சித்திலெப்பை இவ்விரண்டிலும் நின்றுவிடவில்லை. அவருடைய பணிகள் அனைத்தையும் ஒருசேர நோக்குமிடத்து, அவர் வினாவைச் சிறு சிறு கூறுகளாகப் பகுத்துக்கொண்டார் என்பது புலனாகின்றது. பெற்றோர் அஞ்சுவது கல்வியையா, அன்றி மிஷன் பள்ளியில் நேரக்கூடிய மதமாற்றத்தையா? பிள்ளைகள் கற்கவே இல்லையா, அன்றி ஓதற்பள்ளியில் கற்பது கணக்கில் ஏறவில்லையா? சிறுவன் கடைக்குச் செல்லும் வயதும் பள்ளிக்குச் செல்லும் வயதும் ஒன்றோடொன்று மோதுகின்றனவா? பெண்பிள்ளைக்குக் கற்பிக்கப் பெண் ஆசிரியர் உண்டா? தமிழில் முஸ்லிம் பிள்ளைக்கு ஏற்ற முதற்பாடநூல் உண்டா? இவ்வாறு பகுத்துக்கொண்டால், கல்வியில் நாட்டமில்லை என்ற ஒற்றைத் தீர்ப்பு நொறுங்கிப்போகின்றது. அதன் இடத்தில் தனித்தனியே ஆராயத்தக்க, தனித்தனியே மருந்து தேடத்தக்க காரணங்கள் தெரிகின்றன.

இவற்றுள் ஓதற்பள்ளி பற்றியது சிறப்பாக எண்ணத்தக்கது. குர்ஆனை ஓதக் கற்ற பிள்ளை அரபெழுத்தை அறிந்திருந்தது. அவ்வெழுத்தில் தமிழை எழுதும் அரபுத்தமிழ் தமிழ் முஸ்லிம்களிடையே நெடுங்காலமாக வழங்கிவந்தது. இல்லத்துப் பெண்டிரும் அதன் வாயிலாக மார்க்க நூல்களைப் படித்தறிந்தனர். ஆங்கிலமும் தமிழ் எழுத்தும் மட்டுமே எழுத்தறிவு என்று கொண்டால் இவர்கள் அனைவரும் கல்லாதவர்களே. எதனை அளக்கின்றோம், எந்தக் கோலால் அளக்கின்றோம் என்பதைத் தெளியாமல் ஒரு சமூகத்தின் கல்வி நிலையைக் கூறுவது எத்துணை பிழைபடும் என்பதற்கு இஃதொன்றே சான்றாகும். எனினும் சித்திலெப்பை இதனைச் சாக்காக்கி மனநிறைவு கொள்ளவில்லை. பொருளுணராது ஓதும் அளவோடு கல்வி நின்றுவிடுவதை அவர் ஏற்கவில்லை. அரபைப் பொருளுணர்ந்து கற்க வேண்டும் என்பதும் அவர் கொள்கையாக இருந்தது. அரசின் அளவுகோலையும் கேள்விக்கு உட்படுத்தத்தக்க, தம்மவர் பழக்கத்தையும் கேள்விக்கு உட்படுத்தத்தக்க அந்த நடுநிலையே அவர்தம் பெருமை.

முஸ்லிம் நேசன்

வினாவைத் தம்முள் வைத்துக்கொள்வதால் பயனில்லை. அதனை மக்கள் மன்றத்தில் வைக்க வேண்டும். அதற்கென 1882ஆம் ஆண்டு டிசம்பர் 21ஆம் நாள் கண்டியிலிருந்து 'முஸ்லிம் நேசன்' என்னும் வார இதழை அவர் வெளியிடத் தொடங்கினார். உலக முஸ்லிம்களின் செய்திகளோடு உள்ளூர் நிலையும், கல்வியின் தேவையும், களைய வேண்டிய வழக்கங்களும் அதில் இடம்பெற்றன. ஊக்கம் தந்தவர்கள் இருந்தனர், எதிர்த்தவர்களும் இருந்தனர். ஆங்கிலக் கல்வியைப் பரிந்துரைப்பவர் மார்க்கத்தை விட்டு விலகிச் செல்கின்றார் என்ற ஐயம் எளிதில் பரவக்கூடிய காலம் அது. சித்திலெப்பையோ தொழுகையையும் தத்துவ ஞானத்தையும் போற்றியவர். ஆன்மிகப் பொருள் பற்றி 'அஸ்ராறுல் ஆலம்' என்னும் நூலைப் பின்னாளில் எழுதியவர். மார்க்கப் பற்று உடையவரே மார்க்கத்தார் மீது வினா எழுப்பும்போது அவ்வினாவுக்கு ஒரு தனி வலிமை ஏற்படுகின்றது.

இதழ் தோன்றிய அடுத்த மாதமே, 1883 ஜனவரியில், எகிப்து நாட்டுத் தலைவர் அகமது ஒராபி பாஷா தம் தோழர்களுடன் நாடு கடத்தப்பட்டு இலங்கை வந்து சேர்ந்தார். 1882 செப்டம்பரில் ஆங்கிலப் படையிடம் தோற்றவர் அவர். அல்அஸ்ஹரில் சில காலம் பயின்றவர். மேனாட்டு உடையும் உலகியல் அறிவும் தொழுகையும் ஒருங்கே கொண்ட அவரைக் கண்ட இலங்கை முஸ்லிம்கள், நவீனக் கல்வியும் இஸ்லாமிய வாழ்வும் பகையல்ல என்பதற்கு உயிருள்ள சான்றைக் கண்டனர். சித்திலெப்பைக்கும் பாஷாவுக்கும் ஏற்பட்ட நட்பு இலங்கை முஸ்லிம் கல்வியின் போக்கையே மாற்றிற்று எனின் அது மிகையாகாது.

தளர்ந்த பள்ளியும் தழைத்த பள்ளியும்

1884இல் கொழும்பில் 'அல்மத்ரஸதுல் கைரிய்யதுல் இஸ்லாமிய்யா' என்னும் பள்ளி தொடங்கப்பெற்றது. மார்க்கக் கல்வியோடு ஆங்கிலமும் பிற பாடங்களும் கற்பிக்கும் நோக்குடையது அது. ஆயினும் எதிர்பார்த்த ஆதரவு கிட்டாமையால் அம்முயற்சி தளர்ந்தது. பின்னர் 1891இல் கொழும்பு முஸ்லிம் கல்விச் சங்கம் தோன்றியது. 1892 ஆகஸ்டு 22ஆம் நாள் மருதானைப் பள்ளிவாசல் வளாகத்தில் 'அல்மத்ரஸதுஸ் ஸாஹிறா' திறக்கப்பெற்றது. ஒராபி பாஷா அதற்குப் பெருந்துணையாக நின்றார். கொழும்பு அருங்காட்சியகத்தைக் கட்டியெழுப்பிய வாப்பிச்சி மரைக்கார் தோள்கொடுத்தார். அப்பள்ளியே இன்று ஸாஹிறாக் கல்லூரியாக விளங்குவது. டி. பி. ஜாயாவும், 1948 முதல் 1961 வரை ஏ. எம். ஏ. அஸீஸும் அதிபர்களாக இருந்து அதன் புகழை வளர்த்தனர்.

புகழுரை எழுதுவோர் 1884இலிருந்து 1892க்கு ஒரே தாவாகத் தாவிவிடுவர். ஆய்வாளரோ அவ்விடைவெளியிலேயே கால் ஊன்றி நிற்றல் வேண்டும். நோக்கம் ஒன்றாயிருந்தும் முன்னது ஏன் தளர்ந்தது, பின்னது ஏன் தழைத்தது? முன்னதற்கு இல்லாதது பொருளா? பொறுப்பேற்று நடத்தும் சங்கமா? பள்ளிவாசல் வளாகம் என்னும் இடம் பெற்றோர் உள்ளத்தில் விதைத்த நம்பிக்கையா? இடைப்பட்ட எட்டாண்டுகளில் இதழ் ஆற்றிய பிரசாரம் மக்கள் மனத்தைப் பண்படுத்தியதா? சமயச் சார்புப் பள்ளியின் உயிர்நாடி அதன் பாடத்திட்டத்தில் உள்ளதா, அதனை நம்பும் சமூகத்தின் கட்டமைப்பில் உள்ளதா என்னும் பெருவினா இச்சிறு வினாக்களுள் அடங்கியுள்ளது. வெற்றி பெற்ற பள்ளிகளை மட்டும் ஆராய்ந்தால் இவ்விடை என்றும் கிட்டாது. தோற்றுப்போன பள்ளியும் ஆய்வுக்கு உரியதே.

பெண்கல்வியும் பாடநூலும்

சித்திலெப்பை பெண்களை மறந்தாரில்லை. கண்டியில் முஸ்லிம் பெண்பிள்ளைகளுக்கெனப் பள்ளி அமைத்தார். அவர்தம் சகோதரியார் அதில் கற்பிக்கும் பொறுப்பை ஏற்றார். பெண்ணுக்குப் பெண்ணே ஆசிரியராக அமைந்தால் பெற்றோரின் தயக்கம் நீங்கும் என்பதனை அவர் அறிந்திருந்தார். ஊரார்க்கு உபதேசம் செய்வதற்கு முன் தம் வீட்டிலிருந்தே தொடங்கிய அச்செயல் போற்றத்தக்கது. வாயிலில் நின்று ஊரை அழைப்பவரின் வீடு பூட்டியிருந்தால் ஊர் வாராது அன்றோ!

பாடநூலின்மை கல்விக்குப் பெருந்தடை என்பதை உணர்ந்து தமிழ், அரபு ஆகிய இரு மொழிகளிலும் பயிற்சி நூல்களை யாத்தளித்தார். 1885இல் 'அசன்பே சரித்திரம்' என்னும் நாவலை வெளியிட்டார். ஈழத்தில் எழுந்த முதல் தமிழ் நாவலென்றும், 1879இல் வெளிவந்த 'பிரதாப முதலியார் சரித்திர'த்தை அடுத்துத் தமிழில் எழுந்த இரண்டாவது நாவலென்றும் ஆய்வாளர் பலர் அதனைக் குறிப்பர். எகிப்திலும் இந்தியாவிலும் நிகழும் அக்கதையில், இன்னல்களுக்கிடையே அறிவாலும் ஒழுக்கத்தாலும் உயரும் இளைஞன் ஒருவனைக் காண்கின்றோம். பள்ளிக்கு வாராத வாசகரிடம் கதையாகச் சென்று சேர்ந்த பாடம் அது எனலாம். பள்ளிச் சுவருக்கு வெளியே ஒரு சமூகம் எவ்வாறு கற்கின்றது என்பதும் கல்வியியலார் எழுப்பத்தக்க வினாவே.

'ஞானதீபம்' என்னும் இதழையும் பின்னாளில் நடத்திய அப்பெருந்தகை, தம் தொழிலையும் கைப்பொருளையும் சமூகத்துக்கே ஈந்து, 1898 பிப்ரவரி 5ஆம் நாள் இறையடி சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது ஐம்பத்தொன்பது. அலிகாரில் 1875இல் கல்விப்பணியைத் தொடங்கிய சர் சையது அகமது கானும் அதே ஆண்டு மார்ச்சுத் திங்களில் மறைந்தார். வடக்கிலும் தெற்கிலும் ஒரே வினாவோடு வாழ்ந்த இரு விளக்குகள் எட்டு வாரங்களுக்குள் அணைந்தன. 1977இல் இலங்கை அரசு சித்திலெப்பையின் நினைவாக அஞ்சல்தலை வெளியிட்டுப் பெருமை செய்தது.

ஆய்வு மாணவர்க்குச் சில

இவ்வாழ்விலிருந்து இன்றைய ஆய்வு மாணவர் பெறத்தக்கவை யாவை? சமயச் சார்புப் பள்ளிகளின் பங்கு என்று தலைப்பிட்டு ஆய்வைத் தொடங்குவோர் பலர். அது தலைப்பேயன்றி வினாவன்று. முதற்கண் எப்பள்ளி என்பதை வரையறுத்தல் வேண்டும். சிறார் ஓதும் மக்தபும், ஆலிம்களை உருவாக்கும் அரபுக் கல்லூரியும், பொதுப் பாடத்திட்டத்தைக் கற்பிக்கும் முஸ்லிம் நிர்வாகப் பள்ளியும் மூன்று வெவ்வேறு நிறுவனங்கள். நம் நாட்டு அரசியலமைப்பின் 30ஆம் பிரிவு சிறுபான்மையினர்க்குத் தம் விருப்பப்படி கல்வி நிறுவனங்களை நிறுவி நடத்தும் உரிமையை அளிக்கின்றது. இலங்கையிலோ 1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களால் உதவி பெறும் பள்ளிகளுட் பெரும்பாலானவை அரசுடைமையாயின; எனினும் அரசுப் பள்ளிகளுக்குள்ளேயே முஸ்லிம் பள்ளி என்னும் வகை நிலைபெற்றுள்ளது. ஒரே சொல் இரு நாடுகளில் இரு பொருள் தருவதை மாணவர் மனங்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, எதனோடு எதனை ஒப்பிடுகின்றோம் என்பது. அமெரிக்கச் சமூகவியலறிஞர் ஜேம்ஸ் கோல்மனும் அவர்தம் துணைவர் இருவரும் 1982இல் வெளியிட்ட ஆய்வு, கத்தோலிக்கப் பள்ளி மாணவர் பொதுப்பள்ளி மாணவரினும் கூடுதல் தேர்ச்சி பெறுவதாகக் காட்டியது. அத்தேர்ச்சி பள்ளியால் வந்ததா, அப்பள்ளியைத் தேடிச் சென்ற குடும்பத்தின் அக்கறையால் வந்ததா என்று பிற அறிஞர் வினவினர். அவ்விவாதம் நெடுநாள் தொடர்ந்தது. நம் பள்ளிகளின் தேர்ச்சி விழுக்காட்டைப் பெருமையோடு எடுத்துரைக்கும்போதும் இவ்வினா நம் முன் நிற்றல் வேண்டும்.

மூன்றாவது, பள்ளிக்குள் இருப்போரை மட்டும் கேட்டு அமைதல் போதாது. வாராத பிள்ளையும், இடையில் நின்ற பெண்பிள்ளையும், வேறு பள்ளியை நாடிய பெற்றோரும் சொல்வதைக் கேட்டால்தான் ஆய்வு முழுமை பெறும். பழைய இதழ்களும், கல்வித் திணைக்களத்தின் ஆண்டறிக்கைகளும், பள்ளிவாசல் நிர்வாகக் கணக்கேடுகளும், முதியோர் நினைவுகளும் ஒன்றையொன்று சரிபார்க்கத் துணைசெய்யும். முதியோர் உள்ளபோதே அவர்களை நாடுதல் நலம்.

இறுதியாக, எல்லாவற்றினும் தலையாயது ஒன்றுண்டு. நல்ல ஆய்வு வினா என்பது, நாம் விரும்பாத விடையும் வரக்கூடிய வினாவாகும். நம் பள்ளிகள் சிறந்தவை என்று மெய்ப்பிக்கவே தொடங்கும் ஆய்வு, மேடைப்பேச்சின் மறுவடிவம். நம் பள்ளிகள் தேவையற்றவை என்று மெய்ப்பிக்கவே தொடங்கும் ஆய்வும் அத்தகையதே. நம் பள்ளி யாருக்குப் பயன்பட்டது, யாருக்குப் பயன்படவில்லை, ஏன் என்று கேட்கும் ஆய்வே சமூகத்துக்கு உதவும். தம்மவர் மனம் நோகுமே என்று சித்திலெப்பை வாளாவிருந்திருந்தால் முதற்பள்ளியும் தோன்றியிராது. அது தளர்ந்தபோது மனம் உடைந்திருந்தால் இரண்டாவது பள்ளியும் தோன்றியிராது.

இங்கே சமூகப் பெரியோர்க்கும் நாம் ஒன்று கூற விழைகின்றோம். ஆய்வு மாணவர் ஒருவர் ஏடும் எழுதுகோலுமாக உங்கள் பள்ளியின் வாயிலுக்கு வந்து கசப்பான வினாவொன்றைக் கேட்பாராயின், அவரைக் குறைகாண வந்தவராகக் கருதற்க. கணக்கேடுகளைத் திறந்து காட்டுங்கள். இடைநின்ற பிள்ளைகளின் பெயர்ப் பட்டியலையும் கொடுங்கள். அவ்வினாவுக்கு நேர்மையான விடை கிட்டும் நாளில், வாயிலுக்கு வெளியே நிற்கும் பிள்ளைகளுள் சிலரேனும் உள்ளே வருவர். அதற்கு வல்ல இறைவன் அருள்புரிவானாக.